இரண்டு தேசத்துக்காரர்

எங்கள் சேலையூர்த் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பென்ஷன்காரர். கிரிக்கெட் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். சென்ற வாரம் அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தீர்ப்பு வழங்கினார்: "இரண்டு தேசத்துக்கு ஆடினவன் ஒரு தேசத்துக்கும் உண்மையாக ஆடியிருக்க மாட்டான், ஸார்!"

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தைய மாதம்தான், அவர் பிள்ளை அமெரிக்கப் பிரஜையானான் என்று வீடு வீடாக மைசூர்பாகு கொடுத்தார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அந்தப் பிள்ளை வலது கையைத் தூக்கி, பழைய தேசத்து விசுவாசத்தைத் துறந்ததாகப் பிரமாணம் செய்திருக்கிறான். அதற்கு மைசூர்பாகு! பந்தை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டியவனுக்கு மட்டும் வசையா?

அமீர் இலாஹி என்று ஒருவர். 1908-ல் லாகூரில் பிறந்தவர். சுழல் பந்து வீச்சாளர். 1936-ல் இந்திய அணியோடு இங்கிலாந்து போனார். டெஸ்டில் இடம் கிடைக்கவில்லை. பரோடாவுக்காக வருஷக் கணக்கில் பந்து வீசினார். கடைசியில் 1947 டிசம்பரில், முப்பத்தொன்பதாவது வயதில், சிட்னியில் இந்தியாவுக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். அப்போது அவர் பிறந்த லாகூர் பாகிஸ்தானாகி நாலு மாதம் ஆகியிருந்தது! அன்றைக்கு அவருடைய தேசம் எது? பெரியவர் சொல்லட்டும்.

ஐந்து வருஷம் கழித்து, 1952-ல், அதே மனிதர் நம் சேப்பாக்கத்துக்கு வந்தார், பாகிஸ்தான் ஆட்டக்காரராக. தலைவராக வந்த கர்தாரும் 1946-ல் இந்தியாவுக்கு ஆடியவர்தான். ஒன்பது விக்கெட் விழுந்து 240 ரன் இருக்கையில், நாற்பத்து நாலு வயது இலாஹி கடைசி ஆளாக மட்டையோடு இறங்கினார். சுல்பிகர் அகமதும் அவரும் சேர்ந்து 104 ரன் குவித்தார்கள். அதில் இவர் பங்கு 47. தொழிலுக்குத் துரோகம் செய்தவன் அப்படியா நிற்பான்?

"அவர் போகாமல் இருந்திருக்கலாமே!" என்று ஆக்ஷேபம் எழலாம். வாஸ்தவம், இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று யோசியுங்கள். 2019-ல் ஒரு நாள் நான் காஞ்சிபுரம் மாவட்டத்தில் படுத்துத் தூங்கி, செங்கல்பட்டு மாவட்டத்தில் கண் விழித்தேன். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை, விலாசம்தான் மாறியது. எனக்கு ரேஷன் கார்டோடு போயிற்று. இலாஹிக்கோ, சொந்த ஊருக்குத் திரும்புவதே தேசம் மாறுவதாகப் போயிற்று. கோட்டைக் கிழித்தவர்களை விட்டுவிட்டு, கோட்டின் மேல் நின்றவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

காசுக்காகக் கொடி மாற்றுகிற ஆட்டக்காரர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சம்பளத்துக்காகக் கொடி மாறிய என்ஜினீயருக்கும் டாக்டருக்கும் எந்தப் படியால் அளக்கிறோமோ, அந்தப் படியாலேயே இவர்களையும் அளப்போம். ஆளுக்கொரு படி வைத்திருப்பது அளவை அல்ல, வியாபாரம்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். அசையவில்லை. பிறகு மகாதேவன் சதாசிவத்தைப் பற்றிச் சொன்னேன். கொழும்புக்காரர். 1947-ல் இலங்கை அணிக்காக இதே சேப்பாக்கத்தில் 215 ரன் அடித்தவர். 1948-ல் பிராட்மனின் ஆஸ்திரேலியர்கள் கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கையின் தலைவர். பிற்பாடு சிங்கப்பூருக்கும் தலைவர், மலாயாவுக்கும் தலைவர். ஆக மூன்று தேசம்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சதாசிவமா? தமிழரா, ஸார்?"

"தமிழர்தான்."

"மூன்று தேசத்துக்குக் கேப்டனா! பாருங்கள், நம்மவன் எங்கே போனாலும் கொடி நாட்டிவிடுவான்!" என்று தொடையைத் தட்டினார்.

இரண்டு தேசம் துரோகமாம். மூன்று தேசம் பெருமையாம்! ஆக, அவருக்கு உறுத்தியது தேசத்தின் எண்ணிக்கை அல்ல, ஆளின் பெயர். நம்மில் பலருக்கு அப்படித்தான். தேசபக்தி என்று நாம் பெயர் சூட்டிக்கொள்வதில் பாதி, 'நம்மவனா, அயலானா' என்ற பழைய கேள்விதான். அதை முதலில் ஒப்புக்கொள்வோம். இலாஹியின் விசுவாசத்தைப் பிறகு விசாரிக்கலாம்.