காலிக்குப் போகுமுன் சதுரங்கப்பட்டினம்

இலங்கைப் பயணத்துக்குத் திட்டமிடும் நண்பர்கள் காலிக் கோட்டையை விட்டுவிடுவதில்லை, நல்லதுதான். போர்த்துக்கீசியர் தொடங்க, 1640-இல் டச்சுக்காரர் கைப்பற்றி விரித்துக் கட்டிய அப்பழைய நகரை யுனெஸ்கோ 1988-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் இன்னும் இரண்டு இடங்களைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

முதலாவது, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினம். அதே டச்சுக் கம்பெனியின் செங்கற்கோட்டை. உள்ளே செதுக்குவேலை மிகுந்த கல்லறைகள். காலியின் மதிலுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். இங்கோ இடிபாடுகளே எஞ்சின. பழைய நகரை உயிரோடு வைத்திருப்பது கல்லா, குடிகளா என்ற வினாவை இங்கே நின்று கேட்டுக்கொண்டவருக்குக் காலி வேறாகத் தெரியும்.

இரண்டாவது, கொழும்பு தேசிய அருங்காட்சியகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு, 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, அங்கே இருக்கிறது. சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் அதில் உண்டு. தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. கடல் கடந்து வந்த அயலார் இத்தீவில் பேசத் தேர்ந்த மொழிகளுள் நம்முடையதும் ஒன்று. அதைக் காணாமல் கடற்கரையை மட்டும் படமெடுத்துத் திரும்புவது தமிழ் படித்தவர்க்கு அழகன்று.