எண் ஏறினால் மருந்தை நிறுத்தலாமா?

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

தாடிக்கொம்பில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி வசிக்கும் அக்கா ஒருவர் எச்.ஐ.வி. நோய்க்காகத் திண்டுக்கல் சென்று மாத்திரை வாங்கி வருபவர். கணவர் வழியே வந்த நோய். விலங்கியல் படிக்கிறவனாயிற்றே என்று ஒருநாள் சோதனைச் சீட்டை என்னிடம் நீட்டினார். தொடக்கத்தில் 140 என்றிருந்த சி.டி.4 எண் 560 ஆகியிருந்தது.

"ஏறிடுச்சுல்ல தம்பி, இனிமே மாத்திரை எதுக்கு?"

"நல்ல சேதிதானேக்கா" என்றேன். அந்த எண் எதை எண்ணியது என்பது எனக்கே தெரியாது. அவர் மருந்தை நிறுத்திவிட்டார். ஐந்து மாதத்தில் காசநோயோடு படுத்தார், எண் 230.

அதன் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். நமது ஆய்வுக்கூடத்தில் லீஷ்மன் சாயம் பூசி வெள்ளணுக்களைப் பார்க்கிறோம். நிணநீரணு என்றால் உருண்டைக் கரு, சுற்றி மெல்லிய விளிம்பு என்று வரைந்து மதிப்பெண்ணும் வாங்குகிறோம். ஆனால் உதவி அணு, கொல்லி அணு, எதிர்ப்பொருள் சுரக்கும் வகை எல்லாமே நுண்நோக்கியில் ஒரே முகம்தான். வேற்றுமை அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதங்களில் இருக்கிறது.

அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்துவிட்டால் அணு தன் பெயரைத் தானே சொல்லிவிடும். எதிர்ப்பொருளில் சாயம் சேர்க்கும் வழியை 1941இல் காட்டியவர் ஆல்பர்ட் கூன்ஸ். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் உண்டாக்கும் முறையை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். 1984இல் நோபல் பரிசு பெற்றனர். சி.டி.3 புரதத்துக்கு ஒரு நிறம், சி.டி.4 புரதத்துக்கு வேறொரு நிறம். சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு, மற்றவற்றை மெல்லிய நீரோட்டத்தில் ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னே அனுப்புகிறார்கள். திருவிழா நாளில் நம் சௌந்தரராசப் பெருமாள் கோயில் வரிசையில் ஒவ்வொருவராக நகர்வது போலத்தான். இங்கோ நொடிக்கு ஆயிரக்கணக்கில். இரு நிறமும் ஒளிர்ந்தால் அது உதவி அணு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை எத்தனை என்பதே அந்தச் சீட்டின் எண். நலமுள்ளவருக்குப் பெரும்பாலும் 500க்கு மேல் இருக்கும்.

ஆக, எண்ணப்பட்டது காவலர்களைத்தான், திருடனை அல்ல. திருடன் நெடுநாள் வாழும் அணுக்களுக்குள் ஒளிந்திருக்கிறான். 560 என்பது மாத்திரை தந்த எண். மாத்திரை நின்றால் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும். இந்தியாவில் 2004இல் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது, பெரும்பாலும் எண் 200க்குக் கீழே இறங்கியவர்களுக்கே கொடுத்தார்கள். அந்தப் பழைய கணக்கு மக்கள் மனதில் இன்னும் இருக்கிறது போலும். 2017 முதல் நோய் உறுதியான எல்லோருக்கும் மருந்து உண்டு, எண் எதுவானாலும். அப்படியானால் இந்தச் சோதனையே வீண்செலவு என்பாரும் உளர். நான் ஒப்பமாட்டேன். முற்றிய நிலையில் வருபவரை அடையாளம் காட்டுவது இதுவே.

இலட்சக்கணக்கில் விலையுள்ள கருவியை வாங்கித் தரும்படி நான் கேட்கவில்லை. நிணநீரணு படம் வரையும் அதே வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு மாதிரிச் சீட்டைக் கரும்பலகையில் எழுதி விளக்கினால் போதும். 1986இல் இந்தியாவில் இந்நோய்க்கிருமியை முதன்முதலில் கண்டறிந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி தம் பட்ட ஆய்வுக்காகச் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான். மாணவருக்கு இது எட்டாத சங்கதி என்று விரிவுரையாளர்கள் சொல்லமாட்டார்கள் என நம்புகிறேன்.

அக்கா இப்போது மீண்டும் மாத்திரை சாப்பிடுகிறார். கடைசிச் சீட்டில் 310. அதைப் படித்துச் சொல்ல இன்னும் என்னிடம்தான் வருகிறார்.