வைத்திக்குப்பத்துப் பிள்ளைக்கு எந்த மொழியில் கணக்கு?

புதுவைக் கடலோரத்து வைத்திக்குப்பத்தில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். வலை, கட்டுமரம், நெத்திலி, வாடைக்காற்று என்று மளமளவெனச் சொற்கள் வந்து விழும். ஐந்து கூடை மீனில் இரண்டு கூடை விற்றால் மீதி எத்தனை என்று கேட்டால், விரலை மடக்கி விடை சொல்லும். அதே பிள்ளை அரசினர் தொடக்கப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்ததும் வாயடைத்துப் போகிறது. அங்கே அந்தக் கணக்கு ஆங்கிலத்தில் இருக்கிறது!

புதுவைக்குச் சட்டமன்றம் உண்டு, அமைச்சரவை உண்டு, சொந்தமாக ஒரு கல்வி வாரியம் கிடையாது. நெடுங்காலம் புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகி கேரளத்தினுடையதையும், ஏனாம் ஆந்திரத்தினுடையதையும் பின்பற்றி வந்தன. 2014-15இல் தொடக்கப் பள்ளிகளிலும், 2023-24இல் உயர் வகுப்புகளிலும் மத்திய வாரியப் பாடத்திட்டம் வந்தது. அதனோடு கைகோத்து ஆங்கில வழியும் வந்தது. தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிற்று.

பெற்றோர் ஆங்கிலத்தை விரும்புகிறார்களே என்பர் ஆட்சியாளர். விரும்புகிறார்கள்தான். யார் இல்லை என்றது? நாமும் ஆங்கிலத்துக்குப் பகைவரல்லர். முதல் வகுப்பிலிருந்தே நல்ல ஆசிரியரை வைத்து ஆங்கிலம் கற்பியுங்கள். ஆனால் ஆங்கிலத்தைக் கற்பிப்பது வேறு, ஆங்கிலத்தில் கற்பிப்பது வேறு. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் விளங்காவிட்டால் தாய் தந்தையர் விளக்குவர். இல்லையேல் டியூஷன் உண்டு. மீன் விற்கும் தாய் என்ன செய்வாள்? பிள்ளை விளங்காததை மனப்பாடம் செய்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிகிறது; கணக்கும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.

இது நமது கற்பனையன்று. குழந்தைக்குக் கற்பிக்கத் தாய்மொழியே சிறந்த கருவி என்று யுனெஸ்கோ அறிக்கை சொன்னது 1953இல். அப்போது புதுவையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி! அந்தப் பிரெஞ்சு ஆட்சியிலேகூடப் புரட்சிக்கவிஞர் பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை அரசினர் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றினார்.

வாரியம் இடந்தராது என்று கையை விரிக்கவும் வழியில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்குத் தீராத வழக்கு உண்டு. மும்மொழிப் போர்வையில் அது கொண்டுவருவதை நாம் அறிவோம். ஆயினும் அதுவும் ஐந்தாம் வகுப்புவரையேனும் தாய்மொழி என்றே எழுதியிருக்கிறது. மத்திய வாரியமே 2023 ஜூலையில், இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொள்ளலாமெனச் சுற்றறிக்கை விட்டது. டில்லி திறந்துவைத்த கதவைப் புதுவை ஏன் இழுத்துச் சாத்துகிறது?

புதுவைக்கும் காரைக்காலுக்கும் தமிழ், மாகிக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு. அரசினர் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிப் பிரிவு ஒன்றேனும் வேண்டும். கணக்கும் அறிவியலும் அங்கே வீட்டு மொழியில் நடக்கட்டும்; ஆங்கிலப் பாடம் நாள்தோறும் உடன் நடக்கட்டும். பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். இன்று அவர்கள் முன் இரண்டு வழி வைக்கப்படுவதில்லை. ஒன்றை மட்டும் வைத்துவிட்டு அவர்கள் விருப்பம் என்கிறார்கள். அடுத்த சேர்க்கை தொடங்குமுன் கல்வி அமைச்சர் இதற்கு விடை சொல்லவேண்டும்.