கிராணியின் செக்ரோல்

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலாலம்பூருக்குக் கணக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருட்டோடு கிளம்புகிறார்கள். 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தும் நெரிசலுக்கு முந்தியாக வேண்டும். இதைப் பெரிய சாதனை என்றால் வீட்டுப் பாட்டி சிரிப்பார். பெரட்டு என்னும் விடிகாலைப் பேர்ப்பதிவுக்குப் பிந்தினால் அன்றைய கூலியே போய்விடும் காலம் அவருடையது.

பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டவர் ஆன்றி ஃபொகோனியே. 1930-இல் தன் நாவலுக்குப் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசும் வாங்கினார். ஆனால் அந்த நாவல் வெளிவந்தது, அவர் துனிசியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான். ஒரே நேரத்தில் எல்லாம் செய்யலாம் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் நிதித்துறை இளைஞர்கள் பார்க்க வேண்டிய ஆள் அவரல்ல; ரப்பர் தோட்டத்து எழுத்தரான கிராணி. விடியலில் பேர் போடுவார். மதியம் ஸ்டோரில் வாளி வாளியாக ரப்பர் பால் நிறுப்பார்கள். மெட்ரோலாக் என்னும் அளவுக் கருவியை அதில் மிதக்கவிட்டு, தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். எண்கள் அன்றன்றே செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் சம்பளத்தன்று வாசலில் சண்டை.

இப்போதோ ரசீதுகள் மாதம் முழுக்கத் தூங்குகின்றன. கடைசி மூன்று இரவுகள் கணக்காளர் தூங்குவதில்லை. பழுது விடியலில் எழுப்பும் அலாரத்தில் இல்லை; அன்றன்றே எழுதாததில்தான்.

கிராணிக்கு மட்டுமல்ல, கூலிக்காரர்களுக்கும் தள்ளிப்போடாமல் சிறுகச் சிறுகச் செய்யும் பழக்கம் இருந்தது. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது அந்தப் பணத்தில்தான்.