முதுகு வலி நம்ம தலையெழுத்தா?

நெல்லித்தோப்பில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து வேலை பார்க்கும் தோழர்களே! கழுத்து பிடிச்சா தைலம், மணிக்கட்டு மரத்துப் போனா மாத்திரை. எல்லாம் யார் காசு? உங்க காசு!

தொழிலாளர் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் 29 நோய்கள். ஈய நஞ்சு இருக்கு. மணிக்கட்டு நரம்பு அமுங்கும் நோய் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010 பட்டியலில் அது இருக்கு. நம்மை ஆண்டுட்டுப் போன பிரான்சு கூட, தன் நாட்டில் அதைத் தொழில்நோயா ஏத்துக்குது.

1936 ஜூலை 30, சவானா மில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்களைப் பலி கொடுத்து, 8 மணி நேர வேலையை வாங்கிய ஊருங்க இது. இங்கேயா உடைஞ்ச சேரில் 10 மணி நேரம்?

ஒன்றிய அரசே, பட்டியலைத் திருத்து! புதுச்சேரி தொழிலாளர் துறையே, ஆபீசுக்குள்ள வந்து அந்தச் சேரைப் பார்!