அறிவியற் கண்காட்சியும் வாய்மையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. நூலிற் கற்றதைக் கையாற் செய்து பார்த்தாலன்றி அறிவு உறுதிபெறாது. இவ்வுண்மையை மாணவர்க்கு உணர்த்தும் பொருட்டு அமெரிக்க நாட்டுப் பள்ளிகளில் நடைபெறுவதே அறிவியற் கண்காட்சி. நியூயார்க் நகரில் 1928ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்கென ஒரு கண்காட்சி நிகழ்ந்தது. 1950ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் முதல் தேசிய அறிவியற் கண்காட்சி கூடிற்று. இன்று அந்நாட்டில் ஏழாம், எட்டாம் வகுப்புச் சிறாரும் இதில் ஆர்வத்துடன் பங்கு கொள்கின்றனர்.

கண்காட்சி ஒரு நாளில் முடிவதாயினும், அதற்குரிய உழைப்போ பல வாரங்கள் நீளும். மாணவன் முதலில் ஒரு வினாவைத் தேர்ந்துகொள்கிறான். உப்பு நீர் அவரை விதை முளைப்பதைத் தடுக்குமா என்பது அவன் வினா என்று கொள்க. விடை இதுவாகலாம் என ஒரு கருதுகோளை வகுத்த பின்னரே சோதனை தொடங்கும். விதைகளின் எண்ணிக்கை, மண், ஒளி, நீரின் அளவு ஆகிய யாவும் ஒத்திருக்க, உப்பின் அளவு ஒன்றே வேறுபடுதல் வேண்டும். உப்புக் கலவாத நீர் பெறும் தொட்டி ஒன்றும் உடனிருத்தல் வேண்டும். ஒப்பிடுதற்கு அதுவே உரைகல். ஒருமுறை செய்து அமையாது, பலமுறை செய்தல் நன்று. அன்றன்று கண்டதை அன்றன்றே குறிப்பேட்டில் நாளிட்டு எழுதுதல் வேண்டும்.

கண்காட்சி நாளன்று வினா, செய்முறை, அளவுகள், முடிவு ஆகியவற்றை மூன்று மடிப்புள்ள அட்டைப் பலகையில் ஒட்டி, மாணவன் அதனருகே நிற்பான். நடுவர் மேசைதோறும் வந்து, “ஏன் இவ்வாறு செய்தாய்? மீண்டும் செய்வதாயின் எதனை மாற்றுவாய்?” என வினவுவர். சிறந்தோர் வட்டாரக் கண்காட்சிக்கு அனுப்பப்பெறுவர்.

இங்கு அடிக்கடி தோன்றுவது ஓர் எரிமலை உருவம். சமையற் சோடாவில் வினிகரை ஊற்றியதும் செந்நிற நுரை பொங்கி வழியும், கூடினோர் வியப்பர். ஆயினும், முடிவு முன்னரே தெரிந்த அது வேடிக்கையே அன்றிச் சோதனை அன்று. வினிகரின் அளவைப் படிப்படியாக மாற்றி, நுரையின் உயரத்தை அளந்து எழுதினால் அவ்வெரிமலையே ஆராய்ச்சிப் பொருளாகிவிடும். வேறுபாடு பொருளில் இல்லை, வினாவில் உள்ளது.

சில இல்லங்களில் பெற்றோரே பலகையை அமைத்துத் தர, பிள்ளை நடுவர்முன் கிளிபோல் ஒப்பிக்கிறான். செல்வர் வீட்டுப் பலகை பளபளக்க, அதன் அருகே எளியவன் கூனிக் குறுகி நிற்கிறான். ஆதலின் கண்காட்சியே வேண்டா என்பாரும் உளர். எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துதல் அறிவுடைமையாமோ? சோதனையைப் பள்ளியிலேயே செய்வித்து, நடுவரும் பலகையின் அழகை விடுத்துக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பாராயின், இக்குறை பெரிதும் நீங்கும்.

இதனினும் பெரியதொரு சோதனை மாணவரின் உள்ளத்தில் நிகழ்கிறது. இசை கேட்கும் செடி விரைந்து வளரும் என்று ஒரு சிறுமி எதிர்பார்த்தாள் என்க. ஆறு வாரம் அளந்தும் வேறுபாடு ஏதும் தோன்றவில்லை. கண்காட்சியோ நாளை. ஓர் எண்ணைத் திருத்தினால் போதும், அறிவார் எவருமிலர். அந்நிலையிலும் அவள், “வேறுபாடு காணப்படவில்லை” என்று எழுதுவாளாயின், அவளே உண்மை ஆராய்ச்சியாளர். எதிர்பார்த்தது நிகழாமை தோல்வி அன்று. கண்டதை மறைத்தலே தோல்வி.

மாணவர்களே! பரிசு ஒருசிலர்க்கே கிட்டும்; கண்டதைக் கண்டவாறு உரைக்கும் வாய்மையோ முயல்வார் அனைவர்க்கும் கிட்டும். அவ்வாய்மையை வளர்க்கும் கண்காட்சியே பயனுடைய கண்காட்சி.