பெட்டியில் வந்த சிறகுகள்

அமெரிக்காவில் சாதாரண மனிதர்கள் வீட்டுக் கார் கொட்டகையில் விமானம் கட்டுவதைப் பற்றி இலக்கிய நண்பர்களிடையே பேச்சு வந்தது. ‘பெட்டியில் வந்த பாகங்களைக் குறிப்பேட்டைப் பார்த்துப் பொருத்துவதில் படைப்பு எங்கே இருக்கிறது?’ என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நம் சூழலில் ஊறிப்போன ஒரு நோயின் குரலாகவே அது எனக்குப் பட்டது. ஆகவே இந்த மறுப்பு.

முதலில் அங்கே நடப்பதைப் பார்ப்போம். இத்தகைய விமானத்துக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. கட்டும் வேலையில் பாதிக்கு மேல் ஆர்வலர்களே செய்திருக்க வேண்டும்; அதுவும் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும். ‘கல்வி’ என்ற சொல் சட்டத்திலேயே இருப்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்களில் புதியவர் பெரும்பாலும் வால்பகுதியில் தொடங்குகிறார். வால் சிறியது, தகடு பாழானால் இழப்பும் சிறிது. துளையிட்ட ஒவ்வோர் இடத்திலும் விளிம்பில் நிற்கும் பிசிறை அவர் நீக்க வேண்டும். ஏனெனில் பல ஆண்டுகள் கழித்து அலுமினியத்தில் விரிசல் அங்கிருந்துதான் புறப்படக்கூடும். அடித்த ரிவெட்டின் தலை, தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதியளவு உயரமும் கொண்டிருக்க வேண்டும். கோணிப்போனால் துளைத்தெடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் எழுதிய வாக்கியத்தை இப்படி அளந்து பார்த்துப் பிடுங்கி எறிந்திருக்கிறோம்?

நண்பர்கள் கொண்டாடும் ‘சுயம்’ இங்கே என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விமானத்தோடு விழுந்து இறந்தார். அது பர்ட் ரூட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி. வேறொருவர் வரைபடத்தைப் பார்த்துக் கட்டியதை டென்வர் வாங்கியிருந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகு, வரைபடப்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். எரிபொருள் விமானி அமரும் இடத்துக்குள் வரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். திருகை எட்டுவதற்காக உடலைத் திருப்பிய டென்வர், தன்னையறியாமல் வலது மிதிகட்டையை அழுத்தியதில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிவுக்கு வந்தது. போதாத எரிபொருள், அவ்வகை விமானத்தில் போதாத பயிற்சி ஆகியவற்றோடு திருகின் இடமும் காரணங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது.

அப்படியானால் புதுமையே கூடாதா? ரூட்டானே மரபை மீறியவர்தான். சிறு இறக்கையை முன்னாலும் சுழலியைப் பின்னாலும் வைத்தவர். ஆனால் அதற்கு முன் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் பறத்தல் சோதனைப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஒரு கோடு ஏன் அங்கே போடப்பட்டிருக்கிறது என்று அறிந்தவனுக்கே அதை நகர்த்தும் தகுதி உண்டு என்பது என் கட்சி. குறிப்பேட்டுக்குப் பணிந்து வால்பகுதியைக் கட்டும் புதியவர் அந்தத் தகுதியைத்தான் ஒவ்வொரு ரிவெட்டாகச் சம்பாதிக்கிறார். அதை அடிமைத்தனம் என்பவர்கள் எந்தத் தொழிலையும் கையால் கற்றவர்கள் அல்லர்.

கட்டி முடித்த விமானம் உடனே ஊர்வலம் போவதில்லை. வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம், பயணிகள் இல்லாமல், ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் பறந்து தன்னை நிரூபிக்க வேண்டும். அதன் பிறகும் ஏறும் வழியருகே ‘சோதனை முயற்சி’ என்ற பொருள்படும் சொல் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதே சொல்லை நாம் நம் முதல் தொகுப்பின் அட்டையில் பெருமைக்காகப் போட்டுக்கொள்கிறோம். அங்கே அது, உள்ளே ஏறப்போகும் மனிதருக்குக் கட்டியவர் தரும் எச்சரிக்கை.